வடக்கு யன்னலைத் தேடி அலைய வேண்டாம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஓவிய அறை தேடும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறை எடுக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோசம். வீட்டு மண்டபத்தில் அம்மாவின் தையல் மெசினுக்கும் தம்பியின் கட்டிலுக்கும் இடையில் ஈசலை விரித்து, சாப்பாட்டு நேரம் வந்ததும் மடித்து வைக்கிற சீவியம் எத்தனை நாளைக்கு? ஆனால் புரோக்கரிடம் நீங்கள் கேட்கிற முதற் கேள்வி "வடக்குப் பக்கம் யன்னல் இருக்கோ?" என்பதாம். நீங்கள் வாஸ்து பார்க்கிறீர்களாக்கும் என்று நினைத்து, "ஓமோம், குபேரன்ரை திசை" என்று சொல்லி அந்த மனுசன் வாடகையைக் கூட்டிவிட்டாராம். இதைக் கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

வடக்கு யன்னல் என்கிற விதி ஐரோப்பியப் புத்தகங்களில் இருந்து வந்தது. அவற்றை எழுதியவர்கள் இருந்த இடத்துக்கு அது சரி. நேரே பார்த்து வரைகிற ஓவியனுக்கு வடக்கு வெளிச்சம் வேண்டும், அதுதான் மாறாமல் நிற்கும் என்று லியொனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பிரெஞ்சு ஓவியர் செசான் 1902இல் தென் பிரான்சின் எக்ஸ் நகருக்கு மேலே, லோவ் குன்றில் தனக்கென்று கட்டிய ஓவியக்கூடத்திலும் வடக்குப் பக்கம்தான் பெரிய கண்ணாடி. அந்த ஊர்களில் எந்த மாதமானாலும் மத்தியானச் சூரியன் தெற்கேதான் நிற்கும். வடக்கு யன்னலால் உள்ளே வருவது பெரும்பாலும் வானத்தின் வெளிச்சம் மட்டும்; வெயில் வருவது அரிது. காலையில் கலந்த நிறம் பின்னேரமும் அதே நிறமாக இருக்கும்.

கொழும்பு மத்திய கோட்டுக்கு வடக்கே ஏழு பாகைகூட இல்லை. சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது இன்ன நாளில் இன்ன ஊருக்கு நேர் உச்சியில் சூரியன் வருகிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிப்பதை ஆண்டுதோறும் பேப்பரில் பார்க்கிறோம். வெக்கை, வியர்வை, தண்ணீர் குடியுங்கள் என்று பேசிவிட்டு மறந்துபோகிறோம். ஓவியருக்கு அதில் வேறொரு செய்தி இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரம் கழிந்ததும் சூரியன் கொழும்பின் உச்சியைத் தாண்டி வடக்கே போகிறது. செப்டம்பர் தொடக்கம்வரை திரும்பி வராது. ஏறத்தாழ ஐந்து மாதம் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மிச்சம் ஏழு மாதம் தெற்கே. யூன் மாதம் காலை எட்டு மணிக்கு, நீங்கள் காசு கூடக் கொடுத்து எடுத்த வடக்கு யன்னலால் வெயில் சாய்வாக உள்ளே வந்து மேற்குச் சுவரில் விழும். மாடலின் முகத்தில் பாதி எரியும், பாதி கறுக்கும்.

அதற்காக வடக்கு கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தால் வடக்குக்கு இன்னமும் கொஞ்சம் மவுசு இருக்கிறது. வடக்கே போகிற சூரியன் அதிகம் தாழ்வதில்லை. யூன் மத்தியானத்திலும் உச்சியிலிருந்து பதினாறு, பதினேழு பாகைதான் சாய்ந்திருக்கும். நாலடி உயர யன்னலுக்கு மேல் ஒன்றேகால் அடி நீட்டிய தாழ்வாரம் இருந்தால் அந்த வெயிலை மறித்துவிடலாம். தெற்கே டிசம்பரில் முப்பது பாகை சாயும். அதே யன்னலுக்கு இரண்டேகால் அடிக்கு மேல் நிழல் வேண்டும். இப்போது கட்டுகிற பிளற்றுகளில் யன்னலுக்கு மேல் இரண்டேகால் அங்குலம்கூட நீட்டுவதில்லை என்பது வேறு கதை. ஆக, திசைகாட்டியைப் பார்க்கிற நேரத்தில் பாதியையாவது யன்னலுக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கச் செலவழியுங்கள்.

திசைக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. நீங்கள் எத்தனை மணிக்கு வரைகிறீர்கள்?

உங்களில் இரண்டு பேர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறீர்கள், ஒருவர் வங்கியில், ஒருவருக்கு அச்சகத்தில் வேலை. செசானுக்கு முழுப் பகலும் கையில் இருந்தது. உங்களுக்கு அப்படி இல்லை. வார நாளில் காலை ஆறேகால் முதல் எட்டுவரை, சனி ஞாயிறில் சில மணித்தியாலம், அவ்வளவுதான். காலையில் மட்டும் வரைகிறவருக்கு மேற்குப் பார்த்த யன்னல், லியொனார்டோ சொன்ன வடக்கு யன்னலின் வேலையைச் செய்யும். சூரியன் கட்டிடத்துக்குப் பின்னால் நிற்கும், முன்னால் இருப்பது வெறும் வானம். பன்னிரண்டு மணிவரை ஒரு துண்டு வெயில் உள்ளே வராது. பின்னேரம் மட்டும் வரைகிறவர் கிழக்கு யன்னலைப் பார்க்க வேண்டும். கொழும்பில் பகலின் நீளம் ஆண்டு முழுக்க முக்கால் மணித்தியாலம் அளவில்தான் கூடிக் குறைகிறது. ஐரோப்பியனைப் போலக் குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே தூரிகையைக் கழுவி வைக்க வேண்டியதில்லை. ஆறு மணிக்கு ஆரம்பம், ஆறு மணிக்கு முடிவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். திசையைப் புரோக்கரிடம் கேட்க முதல் உங்கள் நேர அட்டவணையை ஒரு தாளில் எழுதுங்கள். நாலு பேரின் நேரமும் ஒத்துவராவிட்டால் ஒரே அறை நாலு பேருக்கும் சரிவராது. அதை முற்பணம் கட்டமுதல் பேசி முடிப்பது நல்லது.

வெள்ளவத்தைக்கு வருவோம். காலி வீதி ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுகிறது. இராமகிருஷ்ண வீதி, பொஸ்வெல் பிளேஸ், கொலிங்வூட் பிளேஸ் என்று கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகள் எல்லாம் அதிலிருந்து பிரிந்து மரைன் டிரைவை நோக்கிப் போகின்றன. அப்படியென்றால் ஒழுங்கையின் தெற்குக் கரையில் இருக்கிற வீட்டின் முன்பக்கம் வடக்கைப் பார்க்கும், வடக்குக் கரை வீட்டின் முன்பக்கம் தெற்கைப் பார்க்கும். கரையோரம் கொஞ்சம் சரிந்து ஓடுவதால் திசை அச்சொட்டாக இருக்காது, கைத்தொலைபேசியில் பார்த்துக்கொள்ளுங்கள். புரோக்கர் சொல்கிற திசையை நம்ப வேண்டிய தேவையே இல்லை. ஒழுங்கையின் எந்தக் கரை என்று கேட்டால் மிச்சம் தானாகத் தெரியும்.

ஆனால் திசை சரியாக அமைந்தும் வெளிச்சம் பிழைக்கிற இடம் வெள்ளவத்தை. ஒரு காலத்தில் முற்றமும் தென்னையுமாக இருந்த காணிகளில் இப்போது ஐந்து, எட்டு, பத்து மாடி. ஒழுங்கை அகலவில்லை, கட்டிடம் மட்டும் உயர்ந்துவிட்டது. இரண்டாம் மாடி யன்னலைத் திறந்தால் எதிர் பிளற் ஆச்சி பருப்புக் கழுவுவது தெரியும், வானம் தெரியாது. வானம் தெரியாத யன்னலால் வருவது எதிர்ச் சுவரில் பட்டுத் தெறித்த வெளிச்சம். அந்தச் சுவர் என்ன நிறமோ, உங்கள் அறையின் வெளிச்சமும் அந்த நிறம். நம்மவர்களுக்கு வீட்டுச் சுவர் பச்சை, ரோஸ், மாம்பழ மஞ்சள் என்று இருந்தால்தான் திருப்தி. எனக்குத் தெரிந்த ஓர் ஓவியர், எதிரே இளம்பச்சைச் சுவர் இருந்த பிளற்றில் ஒரு முதியவரின் உருவப்படம் வரைந்தார். கன்னத்து நிழல் எல்லாம் பச்சை தட்டியது. அதை முறிக்க அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பைக் கூட்டிக்கொண்டே போனார். அறைக்குள் முகம் உயிரோடு இருந்தது. மண்டபத்துக்குக் கொண்டுபோய் மாட்டியபோது, பெரியவர் வயலில் நின்று வெயில் குடித்துவிட்டு வந்தவரைப் போல இருந்தார். குடும்பத்தினர் மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே வெள்ளவத்தையில் அறை பார்ப்பதென்றால் மாடி உயர உயர நல்லது, ஆனால் கடைசி மாடி வேண்டாம். கொங்கிறீற் தட்டுக்கு நேர் கீழே இருக்கிற அறையின் வெளிச்சத்தைப் பார்த்து மயங்காதீர்கள். உச்சிச் சூரியன் நாள் முழுக்கச் சுட்டு வைத்த தட்டு, இரவு எட்டு மணிக்கும் தலைக்கு மேல் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். அக்ரிலிக் நிறம் பலகையிலேயே தோல் கட்டிவிடும். மொட்டைமாடியில் தகரம் போட்டு மறித்த அறைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடல் பார்த்த அறை என்றால் எல்லோருக்கும் ஆசை. காலை ஓவியருக்கு அது உண்மையிலேயே நல்ல அறை. மேலே சொன்ன கணக்கின்படி மத்தியானம்வரை சாந்தமான வெளிச்சம். மூன்று மணிக்குப் பிறகு சூரியன் கடல்மேல் இறங்கும். மேலிருந்து ஒரு சூரியன், தண்ணீரில் பட்டுக் கீழிருந்து ஒரு சூரியன். கூரைத்தட்டில் வெளிச்சம் நெளிந்து ஆடும். பார்க்க அழகு, வரைய முடியாது. மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் மழை யன்னலுக்கு நேராக அடிக்கும்; கண்ணாடியை இழுத்து மூட வேண்டும், மூடினால் டேர்ப்பன்டைன் மணம் வெளியே போகாது. உப்புக்காற்று யன்னல் கண்ணாடியில் ஒரு மங்கலான படலத்தைப் பூசிவிடும். கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால் நீங்கள் வாடகை கொடுக்கிற வெளிச்சத்தில் ஒரு பங்கு வெளியிலேயே நின்றுவிடும். கன்வஸை இழுத்துப் பிடிக்கிற ஆணிகள் துருப்பிடித்துப் பின்பக்கத்திலிருந்து கறை ஊறும். செப்பாணியோ துருப்பிடிக்காத ஆணியோ பாவியுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். சுவரோடு ஒட்டி அடுக்கி வைத்த படங்களின் முதுகில் பூஞ்சணம் வரும். இரண்டு அங்குலம் காற்று விட்டு வையுங்கள்.

எனக்கு மனம் போவது கொட்டாஞ்சேனைக்குத்தான். பக்கச்சார்பு என்று வெள்ளவத்தைக்காரர் சொல்லட்டும்.

கொட்டாஞ்சேனை மேடும் பள்ளமுமான இடம். புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடத்தைச் சுற்றி, ஜம்பட்டா வீதி, புதுச்செட்டித்தெரு, விவேகானந்தா மேடு என்று தெருக்கள் தங்கள் பாட்டில் வளைந்து போகின்றன. இங்கே ஒழுங்கையை வைத்துத் திசை சொல்ல முடியாது. ஆனால் பழைய வீடுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. தெருவுக்கு ஒடுங்கிய முகம், பின்னால் நீண்ட உடம்பு, உயர்ந்த ஓட்டுக்கூரை, இடையில் வானம் பார்த்த ஒரு சின்ன முற்றம். வெளியிலிருந்து பார்த்தால் இருட்டு வீடு என்று திரும்பிவிடுவீர்கள். உள்ளே நடந்து முற்றத்துக்குப் பக்கத்து அறைவரை போய்ப் பாருங்கள்.

முற்றத்து வெளிச்சம் மேலிருந்து வருகிறது. நாலு சுவரும் வெள்ளையாக இருந்தால் வெயில் எந்தப் பக்கச் சுவரில் பட்டாலும் அது உடைந்து, மெதுவாகி, பக்கத்து அறைக்குள் நுழைகிறது. திசைச் சண்டை அங்கே பெரும்பாலும் முடிந்துவிடும். இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் கட்டிடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் வீடுகளைப் பாருங்கள். பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் அவர் கொள்ளுப்பிட்டி அல்பிரட் பிளேசில் கட்டிய வீடு, தெருவுக்கு முதுகைக் காட்டி, அறைகளை எல்லாம் நடுமுற்றத்தின் பக்கம் திருப்பி வைத்தது. அந்த வீட்டைப் பிறகு கழற்றிக் கொண்டுபோய் பெந்தோட்டைப் பக்கம் லுணுகங்கையில் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். பாவா தனக்காக பாகதலே வீதியின் 33ஆம் ஒழுங்கையில் நாலு சின்ன வீடுகளை ஒன்றாக இணைத்த வீடு கொழும்பிலேயே இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் பார்க்கலாம். அந்த ஒடுங்கிய காணிக்குள் எத்தனை இடத்தில் கூரையைத் திறந்து வானத்தை உள்ளே விட்டிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் பணக்காரர், நாங்கள் வாடகைக்காரர். ஆனாலும் கண்ணைப் பழக்க ஒருமுறை போய் வாருங்கள்.

முற்றம் இல்லாத வீட்டில் கண்ணாடி ஓடு இருக்கும். இல்லையென்றால், நாலைந்து ஓட்டைக் கழற்றிக் கண்ணாடி ஓடு மாற்றித் தரச் சொன்னால் பெரும்பாலான வீட்டுக்காரர் மறுக்க மாட்டார்கள். செலவு உங்கள் தலையில். கண்ணாடி ஓட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சித்திரையிலும் ஆவணி முடிவிலும் சூரியன் நேர் மேலே நிற்கும்போது ஒவ்வொரு கண்ணாடி ஓடும் நிலத்தில் ஒரு வெயில் துண்டைப் போடும். அது மெல்ல நகர்ந்து உங்கள் கன்வஸில் ஏறும். ஓட்டுக்குக் கீழே ஓர் அடி விட்டு, வெள்ளை வோயில் துணியையோ பழைய வேட்டியையோ இழுத்துக் கட்டினால் அந்தத் துண்டு கரைந்து அறை முழுக்கப் பரவும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துணியைத் தோய்க்க வேண்டும், பூனை ஏறாமல் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் சீற் போடாதீர்கள். இரண்டு வருசத்தில் மஞ்சளித்துவிடும். அறையும் சேர்ந்து மஞ்சளிக்கும், மெதுவாக நடப்பதால் உங்களுக்குத் தெரியாது.

பழைய வீடுகளின் அடுத்த வில்லங்கம் காலுக்குக் கீழே இருக்கிறது. சிவப்புச் சீமெந்துத் தரை. பாட்டிமார் பொலிஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய தரை, நடந்தால் காலுக்குக் குளிர்ச்சி. மேலிருந்து வருகிற வெளிச்சம் அதில் பட்டால் படத்தின் கீழ்ப்பாதியில் ஒரு சிவப்புச் சாயல் ஏறும். மாடலின் தாடைக்குக் கீழேயும் மூக்கின் அடியிலும் அது தெளிவாகத் தெரியும். ஈசலைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய தார்ப்பாயோ சாக்கோ விரித்துவிட்டால் போதும். தரையை மாற்றச் சொல்லி வீட்டுக்காரரோடு வழக்காடாதீர்கள். அந்தத் தரைக்கு ஈடாக இனி யாரும் ஒன்று போடப் போவதில்லை.

கொட்டாஞ்சேனையில் கூரை உயரம் என்பது சும்மா அழகுக்கு அல்ல. யன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு தூரம்வரைதான் பகல் வெளிச்சம் வேலைக்கு ஆகும். பிளற்றில் அந்த விளிம்பு ஏழடி. பத்துப் பதினாலு அடிக்கு அப்பால் சோர்ந்துவிடும். பழைய வீட்டில் யன்னலுக்கு மேலே ஒரு கண்ணாடி வளைவு வைத்துப் பத்தடி, பதினோரடிக்கு ஏற்றியிருப்பார்கள். அதே அகல யன்னல்தான், வெளிச்சம் ஆறேழு அடி கூடுதலாக உள்ளே போகிறது. நாலு ஈசல் வைக்கிற உங்களுக்கு அந்த ஆறேழு அடி என்பது இன்னும் ஒருவருக்கான இடம்.

அறை பார்க்கப் போகிற நாளில் புரோக்கர் உங்களுக்கு முன்னாலேயே போய் எல்லா லைற்றையும் போட்டு வைத்திருப்பார். முதல் வேலையாக எல்லாவற்றையும் நூர்க்கச் சொல்லுங்கள். ஈசல் வைக்க நினைக்கிற இடத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். உட்கார்ந்த கண் உயரத்திலிருந்து யன்னலில் எவ்வளவு வானம் தெரிகிறது? ஒன்றுமே தெரியாவிட்டால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வரலாம். தெரிந்தால் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஈசல் உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள். தாளுக்கு முன்னால் ஒரு பென்சிலை நிமிர்த்திப் பிடியுங்கள். ஒரு நிழல் விழுந்தால் நல்லது. இரண்டு நிழல் விழுந்தால் வெளிச்சம் இரண்டு யன்னலிலிருந்து வருகிறது, ஒன்றை மறிக்க வேண்டும். இரண்டு நிழலும் இரண்டு நிறமாக, ஒன்று நீலம் தட்டியும் ஒன்று மஞ்சள் தட்டியும் இருந்தால், ஒரு பக்கம் வானம், மறுபக்கம் வெயில் பட்ட ஏதோ ஒரு சுவர் என்று அர்த்தம். உருவப்படம் வரைகிறவருக்கு அதைவிடத் தலையிடி வேறில்லை. தாளின் வெள்ளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க, நடுத்தெருவில் வானத்துக்குக் கீழே பிடித்த இன்னொரு தாளின் படத்தைத் தொலைபேசியில் எடுத்து ஒப்பிடலாம். கமரா தானாக நிறத்தைத் திருத்தாமல் பூட்டி வைத்தால்தான் அந்தப் படத்துக்குப் பெறுமதி. வலது கையால் வரைகிறவருக்கு வெளிச்சம் இடது பக்கமிருந்தும் சற்று மேலிருந்தும் வர வேண்டும். இல்லாவிட்டால் தன் கையின் நிழலிலேயே வரைவார். உங்களில் ஒருவர் இடதுகைக்காரி, அவவுக்கு எதிர்மூலை. எண்ணெய் நிறத்தில் வேலை செய்கிறவர் ஈரமான கறுப்பு நிறம் பூசிய ஓர் அட்டையைக் கொண்டுபோய் அதே இடத்தில் பிடித்துப் பாருங்கள். யன்னல் அதில் பளபளத்தால் உங்கள் படத்தின் இருண்ட பகுதிகள் எல்லாம் அப்படித்தான் பளபளக்கப் போகின்றன.

இதையெல்லாம் ஒரே தரம் போய்ப் பார்த்து முடிக்க முடியாது. காலையிலும் பின்னேரத்திலும் போங்கள். மழை நாளில் ஒருதரம் போகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் கொழும்பில் மத்தியானத்துக்குப் பிறகு இடிமுகில் கூடி மூன்று மணிக்கே விளக்கு வைக்கிற இருட்டு வரும். அந்த மாதங்களில் நம்பக்கூடியது காலை மட்டும். பக்கத்துக் காணி வெறுமையாகக் கிடந்தால் அங்கே என்ன வரப்போகிறது என்று எதிர்க் கடையில் விசாரியுங்கள். தகர வேலி புதிதாக அடித்திருந்தால் விசாரிக்கவும் தேவையில்லை.

இரவில் வரையாதே என்று நான் சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை. எல்ஈடி குமிழ் வாங்கும்போது வோட்ஸை மட்டும் பார்க்காதீர்கள். பெட்டியில் 5000 கெல்வினுக்குக் குறையாமலும், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்கிற சிஆர்ஐ 90க்கு மேலும் போட்டிருக்க வேண்டும். சாதாரணக் குமிழ்கள் 80 அளவில்தான் நிற்கும். சிவப்பும் தோல் நிறமும் அதில் செத்துப்போகும். வீட்டு மஞ்சள் குமிழின் கீழ் வெள்ளையையும் இளமஞ்சளையும் பிரித்தறியவே முடியாது. குமிழை மட்டும் நம்பி யன்னல் இல்லாத அறை எடுத்தவர்கள் 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போனபோது என்ன பட்டார்கள் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். யாழ்ப்பாணத்தில் 1990இலிருந்து ஆண்டுக்கணக்காக மின்சாரமே இல்லை. அங்கே அந்த நாட்களில் வரைந்தவர்கள் சூரியனோடு எழும்பி, சூரியனோடு வேலையை நிறுத்தினார்கள். கொழும்பில் ஓவியர் டேவிட் பெயின்ரரிடம் படித்துவிட்டு வடக்கே போய்ப் பிள்ளைகளுக்கு ஓவியம் படிப்பித்த அ. மாற்குவின் படங்களைப் பார்க்கக் கிடைத்தால் இதையும் மனதில் வைத்துப் பாருங்கள்.

இந்த ஊரில் நமக்கு முன்னால் அறை தேடியவர்களும் இருக்கிறார்கள். 1943இல் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் வீட்டில் கூடித் தொடங்கிய 43 குழு என்ற ஓவியர் குழுவுக்கு முதலில் இருந்தவை நண்பர்களின் வீடுகள்தான். யாழ்ப்பாணத்தில் வின்ஸர் ஓவியக் கழகத்தை நடத்திய எஸ். ஆர். கனகசபையும் அந்தத் தொடக்க நாட்களில் அவர்களோடு இருந்தார் என்பதை நம் பிள்ளைகள் பலர் அறிவதில்லை. குழுவின் செயலாளராக இருந்த ஹரி பீரிஸ், பார்ன்ஸ் பிளேசில் தான் வாழ்ந்து வரைந்த வீட்டையே 1974இல் சபுமல் அறக்கட்டளையாக்கினார். அந்தத் தாழ்ந்த ஓட்டு வீட்டில் இன்றும் அவர்களின் படங்களைப் பார்க்கலாம். கலரியின் வெள்ளை வெளிச்சத்தில் அல்ல, வீட்டு வெளிச்சத்தில். ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939, 40இல் பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் வரைந்தபோது அவருக்கு இந்தப் பிரச்சினையே இருந்திருக்காது. எந்த வெளிச்சத்தில் வரைந்தாரோ அதே வெளிச்சத்தில்தான் நாமும் பார்க்கிறோம். கன்வஸ் அப்படியல்ல, ஓட்டோவில் ஏறி வேறு வெளிச்சத்துக்குப் போய்விடுகிறது. நீங்கள் வரைவது பெரும்பாலும் வெள்ளவத்தைப் பிளற் மண்டபங்களிலும் கனடாவிலிருந்து வருகிற உறவினரின் வரவேற்பறையிலும் தொங்கப் போகிற படங்கள். ஆகவே அறையின் ஒரு மூலையில் சாதாரண வீட்டுக் குமிழ் ஒன்றையும் போட்டு வையுங்கள். படம் முடிகிற கட்டத்தில் அங்கேயும் நிறுத்திப் பாருங்கள்.

சேர்ந்து எடுப்பது நல்ல யோசனை என்பதற்குச் சென்னைப் பக்கம் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் அவரோடு இருந்தவர்களும் பத்திக் துணி செய்து விற்ற காசில் கடற்கரையோரம் காணி வாங்கி 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை எழுப்பினார்கள். நாங்கள் காணி வாங்குகிற காலம் இது இல்லை. ஆனால் தனித்தனியே நாலு இருட்டறைக்குக் கொடுக்கிற காசில் சேர்ந்து ஒரு வெளிச்சமான அறை எடுக்கலாம் என்கிற கணக்கு அதேதான்.

வீட்டுக்காரரிடம் மறைக்காமல் பேசுங்கள். "ரியூசன் குடுக்கப் போறம்" என்று சொல்லி எடுத்துவிட்டு, பிறகு டேர்ப்பன்டைன் மணம் படிக்கட்டால் இறங்கினால் மூன்றாம் மாதம் வெளியே போகச் சொல்வார். ஓவியம் என்று சொல்லுங்கள். சுவருக்கு மங்கல் வெள்ளை அல்லது இளஞ்சாம்பல் பூச அனுமதி கேளுங்கள், போகும்போது பழைய நிறத்துக்கு மாற்றித் தருவதாக எழுதிக் கொடுங்கள். லின்சீட் எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும், இது கட்டுக்கதை இல்லை. தண்ணீர் விட்ட தகர டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். பழைய மரக் கூரை வீட்டில் இதற்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

கையெழுத்துப் போடமுதல் படிக்கட்டின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். ஆறடிக் கன்வஸ் திரும்பாத படிக்கட்டுகள் கொட்டாஞ்சேனையில் நிறைய. வெள்ளவத்தையில் லிப்ட் இருக்கும், ஆனால் அகலமான கன்வஸ் அதற்குள் நுழையாது. உள்ளேயே வரைந்து முடித்த படத்தை யன்னலால் கயிறு கட்டி இறக்கியவர்களும் இந்த ஊரில் உண்டு. ஒழுங்கைச் சனம் முழுக்க நின்று யோசனை சொன்னதாம்.

தெரிவு இரண்டு மூன்றாகக் குறைந்ததும் சொல்லி அனுப்புங்கள், வந்து பார்க்கிறேன். காலை ஏழு மணி என்றால் நல்லது. மூன்றாம் மாடிக்கு மேலே, லிப்டும் இல்லை என்றால் அதை மட்டும் முதலே சொல்லிவிடுங்கள். முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு வரவேண்டும்.

அன்புடன்,
கொட்டாஞ்சேனையில் குடியிருக்கும் உங்கள் மாமா ஒருவர்